எலியேசர் நட்டு

பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம் எழுந்ததும், கத்தரிகளின் மேல் காந்தத்தை ஓட்டிக்கொண்டிருந்த பெத்தம்மாளின் கை ஒரு கணம் நின்றது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி ஜெகநாத ராஜா, புதிதாக வேலைக்குச் சேர்ந்த மூன்று பெண்களைப் பெரிய மெஷினுக்கு முன்னால் நிறுத்தி, மேலே கம்பியில் கட்டித் தொங்கும் பித்தளை நட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியதில்லை. பதினெட்டு வருஷமாக ஒரு வார்த்தை மாறாமல் சொல்லப்படும் கதை அது.

"இந்தா பாருங்கம்மா, இம்புட்டுண்டு நட்டு. இதுக்குப் பேரு எலியேசர் நட்டு. எங்க எலியேசர் அண்ணன் இது பீஸ் மாட்டுற ஜிக்குக்கு அடியில கெடக்கிறதப் பாக்காம சேம்பர மூடி ஓட்டிட்டாரு. திங்கக்கெழம தொறந்து பாக்கோம், தேவுடா! உள்ள பூரா அடுப்பங்கரப் புகை படிஞ்ச மாதிரி இருக்கு. ஒரு மாசம் மெஷின் ஓடல. இனிமே யாராச்சும் பித்தளைய உள்ள விட்டீங்க, அடுத்த நட்டு ஒங்க பேர்லதான் தொங்கும்."

மறுபடியும் சிரிப்பு. அந்த மூவரில் ஆஷிகா என்ற பெண் மட்டும் கேட்டாள்: "அவிய இப்ப எங்க சார் இருக்காக?"

"ரிட்டயராயி ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்காரு. வியாழக்கெழம புது மெஷின ஸ்டார்ட் பண்ணப்போறது அவருதான். வரட்டும், அவரு முன்னாடியே மைக்குல இந்தக் கதயச் சொல்லப்போறேன். புது மெஷினுக்குத் திருஷ்டிக்குப் பூசணிக்காய் வேண்டாம், எலியேசர் நட்டே போதும்."

பெத்தம்மாள் காந்தத்தை மறுபடி ஓட்டினாள். சட்டைப் பொத்தான் அளவுக் காந்தம், அரை முழ நூலில் கட்டியது. துணியைக் கத்தரிக்கும் கத்தரிகள், பேண்டேஜ் வெட்டும் கத்திகள், மில்லில் சுழலும் சின்னச் சின்ன உறுப்புகள் எல்லாம் அவள் மேஜைக்கு வந்த பிறகுதான் பூச்சுப் போட மெஷினுக்குள்ளே போகும். எஃகு என்றால் காந்தம் சட்டென்று தாவி ஒட்டும். பித்தளை என்றால் ஒன்றும் நடக்காது. காந்தம் பேசாமல் கிடக்கும். அந்தப் பேசாமல் கிடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். பித்தளையில் துத்தநாகம் கலந்திருக்கிறது. வெளியே சாதுவாக இருக்கும் அந்த உலோகம், காற்றே இல்லாத பெட்டிக்குள் சூடேறினால் ஆவியாகிப் போன இடமெல்லாம் படிந்துவிடும். பீஸ் போகும், பெட்டியும் போகும்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் இந்த மேஜையில் இருக்கிறாள். 'பெத்தம்மா பாத்துட்டான்னா நான் நிம்மதியாத் தூங்குவேன்' என்று முதலாளி ஊரில் யாரைப் பார்த்தாலும் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் குனிந்து சேலைக் கொசுவத்தைச் சரிசெய்வாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

புதுப் பெண்கள் சாப்பிடப் போன பிறகு முதலாளி அழைப்பிதழை அவள் மேஜையில் வைத்தார். "நாளைக்கு ஞாயித்துக்கெழமதான? ஒரு எட்டு போயி எலியேசர் அண்ணன் கையில குடுத்துட்டு வந்திரும்மா. போன்ல சொன்னேன், பாப்போங்கிறாரு. நீ கூப்பிட்டா வருவாரு."

"நான் கூப்பிட்டாவா மொதலாளி?"

"பின்ன? ஒன்னக் கண்டா அவருக்கு ஒரு இது."

அவர் போய்விட்டார். பெத்தம்மாள் எழுந்து நின்று முழங்காலை நீட்டினாள். காலில் மாட்டியிருந்த காலிப்பரின் பூட்டு 'டக்' என்று விழுந்தது. நாலு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலைச் சூம்பவைத்துவிட்டுப் போனதிலிருந்து ஏதோ ஒரு இரும்புதான் அவளை நிறுத்தி வைத்திருக்கிறது. இப்போது போட்டிருக்கும் இரும்பு மற்ற எவரிடமும் இல்லாதது. பாதம் முதல் தொடை வரை இரண்டு பக்கமும் ஓடும் அந்தச் சட்டங்கள் பொன் நிறம். முழங்கால் பூட்டில் உரசி உரசி நிறம் போய் வெள்ளை தெரிகிறது. தோல் பட்டைக்கு அடியில், வெளிச்சம் படாத இடங்களில், இன்னும் அன்றைக்குப் போட்ட அதே பொன்.

*

அந்த நாட்களில் கம்பெனி என்பது ராஜபாளையத்தின் ஓரத்தில் பழைய பஞ்சுக் குடோன் ஒன்றுதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஏழு பேர், பெங்களூரிலிருந்து லாரியில் வந்த ஒரு பழைய மெஷின். மழை பெய்தால் மெஷினுக்குத்தான் முதலில் தார்ப்பாய் போர்த்துவார்கள், மனிதர்கள் நனைந்துகொள்வார்கள். சாப்பாட்டு வேளையில் ஏழு டிபன் பாக்ஸும் ஒரே பெஞ்சில் திறக்கும். எலியேசரின் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு முதலாளியே தன் சைவச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்த நாளும் உண்டு. வீட்டுக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார்.

மெஷினை ஓட்டுகிறவர் எலியேசர். சேம்பர் கதவை மூடியதும் பித்தானில் கை வைத்தபடி ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பார். உதடு அசையும். பிறகு "ஸ்தோத்திரம்" என்று மெதுவாகச் சொல்லி அழுத்துவார். பம்புகள் காற்றை உறிஞ்ச உறிஞ்ச முள் இறங்கும். போதுமான அளவு இறங்கியதும் ஆர்கான் வாயுவை மூக்கால் மூச்சு விடுகிற அளவு உள்ளே விடுவார். மின்சாரம் பாயும். சேம்பரின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடித் துவாரம் உண்டு. அதன் வழியே ஊதா வெளிச்சம் வரும். கத்தரிப்பூவின் ஊதா. வந்த புதிதில் ஏழு பேரும் வரிசையில் நின்று அதைப் பார்ப்பார்கள்.

"உள்ள என்னதான் அண்ணாச்சி நடக்கு?" என்று பெத்தம்மாள் முதல் வாரத்தில் கேட்டாள்.

"சுவத்துல கல்ல விட்டெறிஞ்சா சுண்ணாம்பு உதுந்து கீழ படியும்லா, அதான். கரண்ட்டு பட்ட ஆர்கான் போயி அந்த டைட்டானியத் தட்டுல மோதுது. தட்டுல உள்ளது அணு அணுவா உதுந்து வந்து இந்தக் கத்தி மேல படியுது. மயிரு கனத்துல நூத்துல ஒரு பங்குகூட இருக்காது. ஆனா துரு கிட்ட வராது."

"அம்புட்டுக் கொஞ்சமா?"

"கொஞ்சம்தான் நிக்கும். அடி சுத்தமா இருந்தா."

அடி சுத்தமாக இருப்பதுதான் அவள் வேலை. விரல் ரேகை பட்ட இடத்தில் கோட்டிங் உரிந்துவிடும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு யாரும் கழுவும் அறைக்குள் வரக்கூடாது. ஆனால் தன் காலோடு அவள் வந்துதான் ஆக வேண்டும். மதுரையில் செய்து வாங்கிய அந்தக் காலிப்பரின் வெள்ளி மெருகு போய், தண்ணீரிலும் வியர்வையிலும் துருவேறிக் கிடந்தது. உட்கார்ந்து எழுந்தால் ஸ்டூலுக்கு அடியில் செங்கல் பொடி மாதிரி உதிரும். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் அவள் தினமும் ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிடுவாள். சேலையின் உள்மடிப்பில் துருக்கறை இருக்கும். அதனால் அடர்ந்த நிறமாகவே கட்டுவாள்.

எலியேசர் எப்போது அதைக் கவனித்தார் என்று தெரியாது. ஒரு டிசம்பர் சனிக்கிழமை மேஜைக்கு அருகில் வந்து, கத்தரிகளைப் பார்க்கிறவர் மாதிரி குனிந்துகொண்டு சொன்னார்: "ஏட்டி, ஊர்ல உள்ள இரும்புக்கெல்லாம் சட்ட போட்டு விடுதோம். ஒங்காலு மட்டும் ஏன் அம்மணமா நிக்கணும்? கழத்திக் குடு. ஜிக்குல ஒரு மூல காலியாத்தான் இருக்கு."

யாராவது பார்த்துச் சிரித்திருந்தால் அவள் மறுத்திருப்பாள். அவர் சிரிக்கவில்லை.

தோல் பட்டைகளையும் ஷூவையும் பிரித்தெடுத்து, துருவையெல்லாம் அவரே தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கழுவும் மேஜையில் வைத்தார். கழுவ வேண்டியது அவள். கழுவினாள். காந்தம் வைத்துப் பார்க்க வேண்டியதும் அவள்தான்.

அங்கேதான் அது நடந்தது, அல்லது நடக்காமல் போனது. பட்டையெல்லாம் போய் வெறும் எலும்பாக மேஜையில் கிடந்த அந்தக் காலை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. முதலாளி அந்தப் பக்கம் வந்துபோனார். தண்ணீர் கொண்டுவரும் ஆள் வந்துபோனான். எல்லோர் கண்ணும் அதன் மேலேயே இருப்பதுபோலத் தோன்றியது. சீக்கிரம் அது உள்ளே போய்விட வேண்டும், கதவு மூடிவிட வேண்டும். ஊரார் பொருளுக்கெல்லாம் காந்தம் வைத்தவள், இது என் சொந்தக் கால்தானே, இதில் என்ன பார்க்க இருக்கிறது என்று துணியில் சுற்றி நகர்த்திவிட்டாள்.

"காந்தம் வச்சுப் பாத்தியாம்மா?" எலியேசர் கேட்டார். வழக்கமாக எல்லாத் தட்டுக்கும் கேட்கிற கேள்வி.

"பாத்தேன் அண்ணாச்சி."

அண்ணன் சங்கிலிப்பாண்டி அவளை சைக்கிளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். ஞாயிறு முழுக்கத் தரையில் தவழ்ந்தாள். கையை ஊன்றித் தவழ்ந்தபோதும் மனசு லேசாக இருந்தது. ஆண்டாள் கோவிலுக்குப் போய் கல் தளத்தில் துரு உதிராமல் நடப்பதை நினைத்துக்கொண்டே கிடந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் அவளைத் தூக்கிவந்து ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு மில்லுக்கு ஓடினான். எலியேசர் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

உள்ளே சுவர், ஜிக், கத்திகள் எல்லாவற்றின் மேலும் ஒரு கறுத்த பழுப்பு. விரலால் தொட்டால் மையாக ஒட்டியது. முதலாளி இன்னும் வரவில்லை. எலியேசர் கத்திகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே ஜிக்கின் மூலைக்குப் போனார். காலிப்பரைக் கையில் எடுத்துச் சன்னல் பக்கம் திருப்பினார். சட்டங்களைப் பிணைக்கும் ஏழு ஆணிகள். சனிக்கிழமை வெள்ளி மாதிரி மின்னிய அந்தத் தலைகள் இப்போது பொரிந்துபோய், செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கிடந்தன. மேலே நிக்கல் பூசிய பித்தளை. காந்தத்தை அந்தத் தலைமேல் வைத்திருந்தால் அது நிற்காமல் நழுவி ஓரத்து இரும்புக்கு ஓடியிருக்கும். பழகிய கைக்கு அரை நொடி வேலை.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கோபமாக அல்ல. வழி தவறி வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அவள் எழுந்து நிற்க நினைத்தாள். நிற்கக் கால் இல்லை. கால் அவர் கையில் இருந்தது.

வெளியே முதலாளியின் பைக் சத்தம் கேட்டது. எலியேசர் நாலு எட்டில் வந்து காலிப்பரை அவள் மடியில் வைத்து, தன் தோளில் கிடந்த துண்டை அதன் மேல் போட்டார். பிறகு டூல் பெட்டியைத் திறந்து, ஆர்கான் சிலிண்டருக்கு மாட்டுகிற பித்தளை நட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"மொதலாளி, இது ஜிக்குக்கு அடியில கெடந்திருக்கு. நான் பாக்கல. என் கவனக்கொறவுதான்."

முதலாளி அன்றைக்குத் தெலுங்கில் என்னவெல்லாம் சொன்னார் என்பது யாருக்கும் முழுதாகப் புரியவில்லை. எலியேசர் தலைகுனிந்து நின்றார். புது வருஷத்தில் அவருக்கு வரவேண்டியிருந்த ஃபோர்மேன் பொறுப்பு காமராஜ் என்பவருக்குப் போனது. அவர் இரண்டே வருஷத்தில் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். அதன் பிறகும் அது எலியேசருக்கு வரவில்லை. சேம்பரைச் சுரண்டித் துடைத்து, சூடேற்றி, மறுபடி துடைத்து ஒரு மாசம். கிறிஸ்மஸ் அன்று காலை ஆராதனை முடிந்ததும் புதுச் சட்டையோடு வந்து, அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே தலையை நுழைத்தார். தானும் வருவதாகச் சொன்ன பெத்தம்மாளைப் பார்த்து, "நீ கறுப்புல கை வைக்காத, பொறவு கத்தியில ஒட்டிக்கிடும்" என்றார். அவ்வளவுதான். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

ஜனவரியில் சேம்பர் சுத்தமான பிறகு முதல் ஓட்டத்திலேயே காலிப்பரையும் வைத்தார். முதலாளியிடம் கேட்டு, அனுமதி வாங்கி வைத்தார். இந்த முறை பித்தளை ஆணிகளைத் தட்டி எடுத்துவிட்டு ஏழு இரும்பு ஆணிகளை அவரே அடித்திருந்தார். அடியில் குரோமியம், மேலே நைட்ரஜன் கலந்து டைட்டானியம். கதவு திறந்தபோது அது கோவில் வாகனத்தின் கால் மாதிரி பொன்னாக நின்றது. ஏழு பேரும் கை தட்டினார்கள். முதலாளிதான் பலமாகத் தட்டினார்.

*

ஞாயிறு மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, பேருந்து நிலையத்துக்கு எதிரில் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போனாள். எலியேசர் முன்னறையில் பக்கத்து வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது. ஒரு கண்ணில் அறுவை செய்து கறுப்புக் கண்ணாடி.

"டக்குனு சத்தம் கேட்டுச்சு, பெத்தம்மாதான்னு நெனச்சேன்" என்றார், நிமிராமலே.

அவர் மனைவி ஏசம்மாள் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். "ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கே பால்கோவாவா? இவியளுக்குச் சக்கர வேற இருக்கு. ஒளிச்சு வச்சு நான்தான் திங்கணும்." சொல்லிக்கொண்டே ஒரு துண்டைக் கிள்ளிப் பெத்தம்மாள் வாயில் வைத்தாள்.

அழைப்பிதழைக் கொடுத்ததும் எலியேசர் அதைத் தடவிப் பார்த்து ஏசம்மாளிடம் நீட்டினார். அவள் சத்தமாகப் படித்தாள். 'எங்கள் நிறுவனத்தின் மூத்த ஊழியர் திரு. எலியேசர் அவர்கள் இயந்திரத்தைத் தொடங்கி வைப்பார்.'

"பாரேன்! நட்டுக்கு வந்த வாழ்வ." ஏசம்மாள் சிரித்தாள். "அங்க மட்டும் இல்ல பெத்தம்மா, வீட்டுலயும் இவிய பேரு அதான். பால் பொங்க விட்டாக்க நட்டு, பஸ்ஸ விட்டாக்க நட்டு. ஒரு நட்டப் பாக்கத் தெரியாத மனுசன் ஃபோர்மேன் ஆகணும்னா எப்படி ஆக முடியும்? அந்த வருசம் கிறிஸ்மஸுக்கு நானும் பிள்ளைகளும் பிரியாணிய வச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தோம்."

எலியேசரும் கூடவே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பெத்தம்மாள் வாயிலிருந்த பால்கோவாவை அவசரமாக விழுங்கினாள். கம்பெனியில் சொல்லப்படும் கதை கம்பெனியோடு நின்றுவிடுகிறது என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அது இந்த வீட்டுக்குள்ளும் வந்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"மதினி" என்றாள். "அது நட்டு இல்ல."

"பெத்தம்மா" என்றார் எலியேசர்.

"இருங்க அண்ணாச்சி. மதினி, நட்டு எதுவும் உள்ள கெடக்கல. பித்தள இருந்தது என் காலிப்பர்ல. காந்தம் வச்சுப் பாத்தியான்னு அண்ணாச்சி கேட்டாக. பாத்தேன்னு சொன்னேன். நான் பாக்கல. பொய் சொன்னேன். என் வேல போயிரக்கூடாதுன்னு அண்ணாச்சி பெட்டியில கெடந்த நட்ட எடுத்துக் குடுத்தாக."

மிக்ஸியின் திருகாணி ஒன்று தரையில் உருண்டது. யாரும் எடுக்கவில்லை. ஏசம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"எங்கிட்டயுமா சொல்லக்கூடாது?" என்றாள் கடைசியில்.

"ஒங்கிட்டச் சொன்னா நீ அவளப் பாக்கிற பார்வ மாறியிரும். அவ வீட்டுக்கு வாரவ."

ஏசம்மாள் எழுந்து அடுக்களைக்குள் போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் எதுவும் வரவில்லை. பெத்தம்மாள் தன் மடியைப் பார்த்தபடி இருந்தாள். இவ்வளவு வருஷமும் தன்னைத் தாங்கிய இரும்பு, கூடவே இன்னொரு வீட்டின் சந்தோஷத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்துத்தான் தாங்கியிருக்கிறது.

"மைக்குல சொல்லப்போறாராம் அண்ணாச்சி. ஒங்க முன்னாடியே."

"சொல்லட்டுமே. அந்தக் கத நல்லா வேல செய்யுதும்மா. பதினெட்டு வருசமா யாராச்சும் ஒரு பித்தளைய உள்ள விட்டிருக்கானா? எந்த போர்டு எழுதி வச்சாலும் இப்படி மனசுல நிக்காது. நீ வாயத் தொறக்காத. கர்த்தருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதும்."

"ஒங்களுக்கு வருத்தமே இல்லியா?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல விரும்பாதவர் யோசிப்பதுபோல யோசித்தார். "மொத ரெண்டு வருசம் இருந்துச்சு. மொதலாளி சிரிக்கும்போது கொஞ்சம் சுள்ளுனு இருக்கும். அப்பம் நீ அந்தப் பக்கம் டக்கு டக்குனு நடந்து போவ. சரி, நடக்காள்ல, அப்படின்னு நெனச்சுக்கிடுவேன்." பிறகு குனிந்து விரல் நகத்தால் அவள் கணுக்காலுக்கு மேலிருந்த ஆணியைத் தட்டிப் பார்த்தார். "ஏழாவது ஆணி அடிக்கும்போது சுத்தியல் வழுக்கிருச்சு. லூசாயிருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. அசையல."

ஏசம்மாள் காப்பியோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. புருஷனுக்கு முதலில் கொடுத்தாள். அப்போது "இந்தாங்க" என்று மட்டும் சொன்னாள். வழக்கமாக அந்த இடத்தில் வரும் பட்டப்பெயர் வரவில்லை. அது வராத இடம் அறையில் எல்லோருக்கும் கேட்டது.

ஆட்டோ வரை கூட வந்தவள் பெத்தம்மாளின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். கோபமா, மன்னிப்பா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டோ கிளம்பும்போது, "வியாழக்கெழம நானும் வாரேன்" என்றாள். "மொத வரிசையில உக்காருவேன்."

*

வியாழக்கிழமை காலையில் புது ஷெட்டில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. மில்காரர்களும் பேண்டேஜ்காரர்களும் வந்திருந்தார்கள். புது மெஷின் குளித்த குழந்தை மாதிரி நின்றது. அதற்கு மேலே கம்பி ஒன்று நீட்டி, பழைய மெஷினிலிருந்து கழற்றிய நட்டைப் புது மஞ்சள் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் வரிசையில் எலியேசர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏசம்மாள், மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கைகளும்.

மூன்று நாளாகப் பெத்தம்மாள் சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சாக்குக் கிடைத்துவிடும் என்று பயம். நாளைக்கு இந்த மேஜையில் யார் உட்காருவார்கள், 'பெத்தம்மா பாத்துட்டா' என்று இனி முதலாளி சொல்வாரா, ஆஷிகா தன்னிடம் கற்றுக்கொள்ள வருவாளா என்பதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டாள். எண்ணி முடித்த பிறகும் அந்தக் காப்பித் தம்ளர் கை மாறியபோது பட்டப்பெயர் வராமல் போனதுதான் பெரிதாக இருந்தது.

முதலாளி மைக்கைத் தட்டினார். "ஐயாமார்களே, அம்மாமார்களே, மேல தொங்குதே, இம்புட்டுண்டு நட்டு…" தெரிந்தவர்கள் இப்போதே சிரித்தார்கள். "கதயச் சொல்றதுக்கு முன்னாடி, மொத தட்ட எங்க பெத்தம்மா பாத்துரட்டும். அவ கை படாம எங்க கம்பெனியில ஒரு பீஸ் உள்ள போகாது."

கை தட்டினார்கள். அவள் எழுந்தாள். 'டக்'. தட்டில் பன்னிரண்டு கத்திகள். நூலைப் பிடித்துக் காந்தத்தை ஒவ்வொன்றின் மேலும் இறக்கினாள். ஒட்டியது, எடுத்தாள், ஒட்டியது, எடுத்தாள். ஆபரேட்டர் விக்னேஷ்வரன் தட்டை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. தட்டை மேஜையில் வைத்தாள்.

ஒரு கையால் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்தாள். நாற்பத்தாறு வருஷத்தில் நாலு பேர் முன்னால் ஒருபோதும் செய்யாத காரியம். சன்னல் வெயில் பொன் சட்டத்தில் பட்டது. பின்வரிசையில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவள் குனிந்து முதல் ஆணித்தலையில் காந்தத்தை வைத்தாள். 'டிக்'. எடுத்து இரண்டாவதில் வைத்தாள். மூன்றாவது. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. நாலு. ஐந்து. முதலாளி மைக்கை வாயிலிருந்து இறக்கினார். முதல் வரிசையில் எலியேசர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை அசைத்துக்கொண்டிருந்தார். ஏசம்மாள் கைப்பையிலிருந்து ஒரு கையை எடுத்து அவர் கையின் மேல் வைத்தாள்.

"மொதலாளி" என்றாள் பெத்தம்மாள். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "கதய நான் சொல்லுதேன். அந்த நட்டக் கொஞ்சம் கீழ எறக்கச் சொல்லுங்க."

ஏழாவது ஆணியில் காந்தம் ஒட்டியிருந்தது. அவள் நூலை விட்டுவிட்டாள். அது விழாமல் அவள் காலிலேயே நின்றது. நூல் மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.